பெட்டியில் அச்சிடாத எண்

வீட்டில் இக்குவானாவோ பால் பைத்தானோ வளர்ப்பவர்கள் கேமரா தேடி ஆன்லைன் கடைகளுக்குப் போனால், ‘48 மெகாபிக்சல், 4கே, 16 மடங்கு ஜூம்’ என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் செய்யும் மலிவு கேமராக்கள்தான் முதலில் கண்ணில் படும். அவற்றை வாங்காதீர்கள். அந்த 48 பெரும்பாலும் சென்சாரில் இருப்பதல்ல. சிறிய சென்சார் எடுத்த படத்தை மென்பொருள் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும் கணக்கு. டிஜிட்டல் ஜூம் என்பதும் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான். இவற்றில் பலவற்றுக்கு ஆட்டோஃபோகஸே கிடையாது. சற்றுத் தள்ளி நிற்கும் மனிதர்களை எடுக்கத் தோதாக ஃபோகஸை நிலையாக வைத்துவிடுகிறார்கள். பல்லியின் முகத்தருகே கொண்டுபோனால் செதிலும் கண்ணும் ஒரே கலங்கலாகத் தெரியும்.

ஊர்வனவற்றைப் படமெடுப்பவர் கேட்க வேண்டிய எண் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம். கேமரா எவ்வளவு அருகில் இருப்பதைத் தெளிவாகப் பிடிக்கும் என்பதே அது. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ‘மேக்ரோ 1 செ.மீ.’ என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் ஜூம் செய்யாத நிலையில் மட்டும்தான். அவ்வளவு நெருங்கினால் லென்ஸின் நிழலே பிராணியின் மேல் விழும், பிராணியும் மிரளும். ஜூமை முழுக்க நீட்டிய நிலையில் எவ்வளவு நெருங்கலாம் என்பதையும் விவரக்குறிப்பில் தேடிப் பாருங்கள்.

பணம் குறைவு என்றால் பழைய டிஎஸ்எல்ஆர் வாங்குங்கள் என்பதே என் யோசனை. கேனான், நிகான் தொடக்கநிலை மாடல்களோடு வரும் 18-55 மி.மீ. லென்ஸ்கள் பல, சென்சாரிலிருந்து சுமார் 25 செ.மீ. தூரத்திலேயே ஃபோகஸ் செய்யும். உள்ளங்கை அளவுப் பிராணிக்கு அது போதும். கண்ணை மட்டும் நிரப்பி எடுக்க விரும்பினால் கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே எக்ஸ்டென்ஷன் டியூப் மாட்டலாம். மின்தொடர்பு இல்லாத டியூபை வாங்கினால் இந்த லென்ஸ்களில் அப்பெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையின் அளவை, மாற்ற வழியிருக்காது.

பழைய கேமராவைப் பார்க்கும்போது லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சென்னை போன்ற ஈரக்காற்று ஊர்களில் சிலந்தி நூல் மாதிரிப் பூஞ்சை படர்ந்திருக்கும். இருந்தால் வாங்க வேண்டாம். பிறகு அப்பெர்ச்சரை எஃப்22-இல் வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள்; சென்சாரில் அழுக்கு இருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும். தனிநபரிடம் வாங்கினால் நுகர்வோர் சட்டம் பெரும்பாலும் கைகொடுக்காது. அதனால் பணம் தருவதற்கு முன்பே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

கடையில் வாங்கினால் நிலைமை வேறு. பில் தராமல் விற்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிகமுறை. ‘பில் இல்லாமல் என்றால் ஆயிரம் குறைத்துத் தருகிறேன்’ என்பவரிடம் ஏமாறாதீர்கள். குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் திரும்ப வாங்க மறுப்பதும் அதே குற்றச்சாட்டில் வரும். ஆன்லைனில் வாங்குபவர்கள் விளம்பரப் பக்கத்தை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பெட்டியைப் பிரிப்பதையும் வீடியோ எடுங்கள். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதைத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீரவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

கேமரா கைக்கு வந்தபின் பிராணியைப் பற்றியும் யோசிக்க வேண்டும். அசையாமல் இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவைத்து எடுக்கும் கொடுமையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ஊர்வனவற்றின் உடல்சூடு சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. குளிரில் பிராணி அடங்கிக் கிடப்பது அமைதியால் அல்ல, உடல் முடங்கியதால். பாம்புக்கு இமை கிடையாது, கூசினாலும் கண்ணை மூட முடியாது. ஃபிளாஷை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். தொட்டிக் கண்ணாடியில் லென்ஸ் ஹூட்டை ஒட்டிவைத்து எடுத்தால் பிரதிபலிப்பும் வராது. ஊர்வன சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கலாம். பிராணியைத் தொட்ட கையோடு கேமராவைத் தொட்டால் கிருமி அப்படியே முகத்துக்குப் போகும். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே கேமராவை எடுங்கள்.

படத்தைப் பகிர்வதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். நட்சத்திர ஆமை, உடும்பு போன்ற நம் நாட்டு இனங்களை வீட்டில் வளர்க்க அனுமதியில்லை. இவ்விரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறையும் குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். நீங்கள் பெருமையோடு பகிர்ந்த படமே சாட்சியாகிவிடும். இக்குவானா, பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்களுக்கு மத்திய அரசின் 2024 விதிகளின்படி பரிவேஷ் 2.0 என்ற அரசு இணையதளத்தில் பதிவு தேவை. பிராணி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பதிவில்லாத பிராணி வீட்டில் இருந்தால், கேமரா விலையை விசாரிப்பதற்கு முன் மாவட்ட வன அலுவலகத்தில் விசாரியுங்கள்.