மிதிவண்டிக் கதை: டோக்கனின் பின்பக்கம்

போன வாரம் டன்லப்பின் காற்று டயரோடு நிறுத்தினோம். இந்த வாரம் பூட்டுகள் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால், பூட்டிய பிறகும் பறிபோகிற சாமான்களைப் பற்றிப் பேசாமல் பூட்டுக்குள் நுழைய மனம் வரவில்லை. பெல், சீட், பெடல் கட்டை, டைனமோ, வால் டியூப். பின்சக்கரத்தில் எவ்வளவு நல்ல பூட்டுப் போட்டாலும் இவற்றில் ஒன்றையும் அது காக்காது.

திருச்சானூர் பத்மாவதி தாயார் கோயில் பக்கம் சைக்கிளில் வருகிறவர்களில் வெளியூர் பக்தர்கள் குறைவு. அவர்கள் திருமலையில் தரிசனம் முடித்துப் பஸ்ஸிலும் வேனிலும் வந்து இறங்குகிறார்கள். சைக்கிளில் வருகிறவர்கள் அங்கே பிழைப்புக்கு வருகிறவர்கள். பூக்கட்டுகிறவர்கள், ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்கள், தேங்காய்க் கடைப் பையன்கள். காரில் வந்தால் நிறுத்த இடம் உண்டு, கையில் ரசீதும் உண்டு. சைக்கிளோ கடைச் சுவரிலோ மின்கம்பத்திலோ சாய்ந்து கிடக்கும். கார்த்திகை பிரம்மோற்சவத்தின் நிறைவு நாளான பஞ்சமி தீர்த்தத்தன்று பத்ம சரோவரத்தில் முங்கி எழ ஜனம் திரளும்போது, அந்தச் சுவரோரமும் கிடைக்காது. எங்கோ தள்ளி விட்டுவிட்டு நடந்துதான் வர வேண்டும். சாயங்காலம் திரும்பிப் போனால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும், பூட்டும் அப்படியே இருக்கும், இரண்டு சக்கரத்திலும் காற்று இருக்காது.

"பஞ்சமி தீர்த்தம் வருதுன்னா வால் டியூப்பும் மூடியும் கூடுதலா வாங்கி வச்சுக்குவேன்ணா. மறுநாள் காலையில தள்ளிக்கிட்டு வந்து நிப்பாங்க" என்றார் அங்கே மரத்தடியில் பஞ்சர் கடை வைத்திருப்பவர். பேசிக்கொண்டே ஒரு வால்வைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். டியூபிலிருந்து நீளும் பித்தளைக் குழாய்க்குள் ஒரு சின்ன முள் மாதிரியான தண்டு. தண்டின் பக்கவாட்டில் ஒரு துளை. அந்தத் துளையை மூடினாற்போல மெல்லிய ரப்பர் உறை. பம்பு அடித்தால் காற்று ரப்பரை விலக்கிக்கொண்டு உள்ளே போகும். உள்ளே போன காற்றே ரப்பரைத் திரும்ப அழுத்தித் துளையை அடைத்துவிடும். அவ்வளவுதான் சாமான். இதைப் பிடித்து வைத்திருப்பது மேலே திருகிய ஒரு சின்ன நட்டு. அதைக் கழற்ற ஸ்பேனர் வேண்டாம், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். நடுராத்திரியில், விளக்கு இல்லாத சாலையில், எந்தக் கடையிலும் வாங்கிய ஒரு துண்டு ரப்பரை வைத்து யாரும் பழுது பார்த்துக்கொள்ளலாம் என்கிற அளவுக்கு எளிமையானது. அந்த எளிமைதான் திருடுகிறவனுக்கும் உதவுகிறது. விளக்கில்லாமல் வந்தவனையும் டபுள்ஸ் அடித்தவனையும் நிறுத்தி, போலீஸ்காரர் முதலில் கை வைத்ததும் இந்த நட்டில்தான். எங்கள் தலைமுறைக்கு அது நன்றாக நினைவிருக்கும்.

காற்றுப் போவதால் யாரும் சாவதில்லை. அடுத்தது அப்படியல்ல. பிரேக் கட்டையில் ஒன்றை உருவிக்கொண்டு போனவன் பிரேக்கையே கொண்டுபோகிறான். முன்சக்கரத்தைக் கழற்றப் பார்த்து, ஆள் வரவே ஓடிப்போனவன் பாதி தளர்ந்த நட்டை விட்டுவிட்டுப் போகிறான். உரியவருக்கு அது தெரியாது. அலிபிரி பக்கம் இறக்கத்தில் வரும்போதுதான் தெரியும். பஞ்சர் கடைக்காரர் இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவில்லை, ஆனால் இரண்டு தடவை சொன்னார். திருட்டைவிடப் பாதியில் நின்ற திருட்டு ஆபத்தானது என்று இந்தத் தொடரில் எங்கேயாவது எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எழுதிவிட்டேன். சைக்கிளை வெளியே நிறுத்தி எடுக்கிறவர்கள், ஏறுவதற்கு முன் ஹேண்டில் பாரைத் தூக்கி முன்சக்கரத்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்டுங்கள். இரண்டு பிரேக்கையும் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.

இனி, இந்த வாரம் என்னைப் பிடித்துக்கொண்ட விஷயத்துக்கு வருகிறேன். பூக்கட்டும் ஓர் அம்மாவின் மகன், திருப்பதியில் காசு வாங்குகிற ஒரு ஸ்டாண்டில் சைக்கிளை விட்டிருக்கிறான். மாலையில் போனால் சீட்டும் இல்லை, சீட்டுக் கம்பியும் இல்லை. காவல் நிலையத்துக்குப் போனான். "ஐயாயிரத்துக்குக் கீழே என்றால் நாங்கள் எஃப்ஐஆர் போட முடியாது தம்பி, கோர்ட்டுக்குப் போ" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தட்டிக் கழிக்கிறார்கள் என்றுதான் எனக்கும் தோன்றியது. சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். அவர்கள் சொன்னது சட்டத்தில் உள்ளபடிதான்.

2024 ஜூலை 1 வரை இந்திய தண்டனைச் சட்டம் 379-வது பிரிவில் திருட்டு என்றால் திருட்டுதான். மதிப்பு எவ்வளவானாலும் போலீஸ் தானாக வழக்குப் பதியலாம், விசாரிக்கலாம். அன்றிலிருந்து நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவு, ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த திருட்டைத் தனியே பிரித்துவிட்டது. முதல் தடவை தண்டிக்கப்படுகிறவன் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவைதான் தண்டனை. இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பசிக்குத் திருடிய சிறுவனைச் சிறைக்கு அனுப்புவதைவிட நல்ல ஏற்பாடு அது. ஆனால் கூடவே வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அட்டவணை, அந்தச் சின்னத் திருட்டை மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றமாக்கிவிட்டது. புகாரை ஒரு புத்தகத்தில் குறித்துக்கொண்டு, புகார் கொடுத்தவரை மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்வார்கள்.

இது யாருக்கு விழுகிற அடி என்று பாருங்கள். பைக் வைத்திருப்பவரின் கண்ணாடி போனால் அவருக்கு எரிச்சல். பூக்காரரின் பழைய ஹெர்குலிஸ் முழுசாகவே போனாலும் அதன் இன்றைய மதிப்பு ஐயாயிரத்தை எட்டாது. சீட், பெல், டைனமோ எல்லாம் அந்த வரம்புக்குக் கிட்டேயே வராதவை. மோட்டார் வாகனத்துக்குப் பதிவு எண் உண்டு, காப்பீடு உண்டு. சைக்கிளுக்கு இரண்டும் இல்லை. இப்போது எஃப்ஐஆரும் இல்லை. ஒருவர் தினமும் வேலைக்குப் போவதே அந்த வண்டியில்தான் என்பதைக் கணக்கில் எடுக்காமல், பொருளின் விலையை மட்டும் வைத்துப் போட்ட கோடு இது. தவறான கோடு என்றுதான் நான் நினைக்கிறேன். ஒன்று மட்டும் மிச்சமிருக்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குகிற குற்றத்தைச் சொல்லும் அதே சன்ஹிதாவின் 317-வது பிரிவில் இந்த ஐயாயிரம் வரம்பு கிடையாது. கழற்றிய சீட்டும் டைனமோவும் போய்ச் சேருமிடம் பழைய சாமான் கடைகள்தான் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

பூட்டாத சைக்கிளைச் சட்டமே தண்டித்த ஊரும் உண்டு. 1965-இல் ஆம்ஸ்டர்டாமில் ப்ரோவோ என்ற இளைஞர் கூட்டம், லூட் ஸ்கிமெல்பென்னிங்க் என்பவரின் யோசனைப்படி, சைக்கிள்களுக்கு வெள்ளையடித்து, யார் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளட்டும் என்று பூட்டாமல் தெருவில் விட்டது. போலீஸ் அவற்றை வாரிக்கொண்டு போனது. சைக்கிளைப் பூட்டாமல் விடுவது அந்த ஊர் விதிப்படி குற்றம். இன்று உலகெங்கும் நடக்கிற வாடகைச் சைக்கிள் திட்டங்களுக்கு முன்னோடி அதுதான். பின்னால் வந்தவற்றையும் உடைப்பும் திருட்டும் விடவில்லை. 2018 பிப்ரவரியில் கோபீ என்ற வாடகைச் சைக்கிள் நிறுவனம் பிரான்ஸை விட்டே வெளியேறியது. அதே ஆண்டு செப்டம்பரில் மோபைக் என்ற இன்னொரு நிறுவனம் மான்செஸ்டரைக் கைவிட்டது. இரண்டுமே சொன்ன காரணம், வண்டிகளை உடைக்கிறார்கள், திருடுகிறார்கள் என்பதுதான். பணமுள்ள நிறுவனங்களாலேயே தாக்குப்பிடிக்க முடியாத ஒன்றைத் தனி ஆள் எப்படித் தாங்குவார்?

பூக்கட்டும் அம்மாவின் மகன் தன் ஸ்டாண்டு டோக்கனை என்னிடம் காட்டினான். அதன் பின்பக்கம் பொடி எழுத்தில், வண்டிக்கும் அதிலுள்ள பொருள்களுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று அச்சடித்திருந்தது. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் இந்த வரி இல்லாத ஸ்டாண்டு டோக்கனை நான் பார்த்ததில்லை. இந்த ஒற்றை வரி செல்லுமா செல்லாதா என்பதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. ஒரு வாரமாக அதைவிட்டு வெளியே வர முடியவில்லை.

லண்டன் சாரிங் கிராஸ் ரயில் நிலையத்தில் பார்க்கர் என்பவர் இரண்டு பென்னி கொடுத்துப் பையை வைத்துவிட்டுப் போனார். டிக்கெட்டின் முகப்பில் 'பின்பக்கம் பார்க்க' என்றிருந்தது. பின்பக்கத்தில், பத்துப் பவுனுக்கு மேற்பட்ட பொருளுக்கு ரயில்வே பொறுப்பல்ல என்றிருந்தது. பை தொலைந்தது. மதிப்பு இருபத்து நாலரைப் பவுன். 1877-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த வாசகத்தைப் பயணி கவனிக்கும்படி நியாயமான அளவுக்கு ரயில்வே எச்சரித்ததா என்பதுதான் கேள்வி என்று சொல்லி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. டிக்கெட்டைப் பற்றிய எந்த வழக்கிலும் வக்கீல்கள் இன்றைக்கும் பார்க்கரை இழுக்கிறார்கள்.

நம் ஊர் வழக்கு இன்னும் சுவையானது. 1998 ஆகஸ்ட் 1 இரவு, டெல்லி தாஜ்மகால் ஓட்டலுக்கு ஒருவர் மாருதி ஜென் காரில் வந்தார். சாவியை வாலே ஆளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கொடுத்த டோக்கனில், உரியவரின் சொந்தப் பொறுப்பில்தான் வண்டி நிறுத்தப்படுகிறது என்றிருந்தது. அவர் திரும்பி வருவதற்குள் வேறு காரில் வந்திருந்த பையன்களில் ஒருவன், தங்கள் வண்டியைக் கேட்டு நிற்கிற சாக்கில் இவர் சாவியை எடுத்துக்கொண்டு போய்க் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். சம்பவம் நடந்து இருபது வருஷத்துக்கு மேல் கழித்து, வழக்கு 2019 நவம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி மோகன் சாந்தனகவுடர் எழுதிய தீர்ப்பில் முடிந்தது. வண்டியைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டது ஓட்டல். வாங்கிக்கொண்ட பிறகு தன் ஆட்களின் கவனக்குறைவுக்கு, டோக்கனில் அச்சடித்த ஒரு வரியைக் காட்டித் தப்பிக்க முடியாது. தான் கவனமாக இருந்ததாக நிரூபிக்க வேண்டியதும் ஓட்டல்தான்.

அந்தத் தீர்ப்பு பெரிய ஓட்டலையும் காரையும் பற்றியது, சைக்கிள் ஸ்டாண்டைப் பற்றியதல்ல. அதை மறைக்கவில்லை. ஆனால் அது காலூன்றி நிற்கிற இடம் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு. அடுத்தவர் பொருளைப் பாதுகாக்க வாங்கிக்கொண்டவர், அதே போன்ற தன் பொருளைச் சாதாரண அறிவுள்ள ஒருவர் எப்படிக் காப்பாரோ அப்படிக் காக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவு. இதில் கார் என்றும் சைக்கிள் என்றும் பேதமில்லை. ஸ்டாண்டுக்காரர் வண்டியைத் தன் வசம் எடுத்துக்கொள்கிறாரா, நிறுத்த இடம் மட்டும் வாடகைக்குக் கொடுக்கிறாரா என்பதுதான் கேள்வி. நம் ஸ்டாண்டுகளில் நடப்பதைப் பாருங்கள். ஹேண்டில் பாரில் பாதி டோக்கனைக் கட்டுகிறார்கள், சீட்டில் சாக்பீஸால் நம்பர் போடுகிறார்கள், இடம் பற்றாமல் போனால் நம் வண்டியைத் தூக்கி வேறு வரிசைக்கு மாற்றுகிறார்கள், டோக்கன் இல்லாமல் யாரையும் வண்டியை எடுக்க விடுவதில்லை. வண்டி அவர்கள் கையில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பூக்கார அம்மாவின் மகனுக்கு நான் சொன்னது இதுதான். நீ ஸ்டாண்டுக்குக் காசு கொடுத்திருக்கிறாய், ஆகவே நுகர்வோர். சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். டோக்கனைத் திருப்பிக் கொடுக்கும் முன் போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள். சீட்டில்லாத வண்டியையும் அங்கேயே, ஸ்டாண்டு தெரிகிற மாதிரி எடுத்துக்கொள். அவன் அம்மாவுக்கு இதில் நம்பிக்கையில்லை. "ஒரு சீட்டுக்காகக் கோர்ட்டா சாமி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் நல்ல பதில் இல்லைதான். ஆனாலும் ஒருவர் ஒருமுறை போட்டுவிட்டால், அடுத்த நாளே அந்த ஸ்டாண்டில் ஓர் ஆள் கூடுதலாக நிற்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பூட்டு அடுத்த வாரம், நிச்சயம். கூடவே முன்சக்கரத்தை ஒரே நெம்பில் விடுவிக்கிற கைப்பிடியும் வரும். திருப்பதியில் கியர் சைக்கிள் வாங்கும் பிள்ளைகளின் முன்சக்கரத்துக்கு அதனால் வந்திருக்கிற கதியைத் தனியாகத்தான் எழுத வேண்டும். அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். சைக்கிளைக் கவிழ்த்து, பெடல் அச்சு ஓடுகிற குழாயின் அடிப்பக்கம் பாருங்கள். அங்கே இல்லையென்றால் சீட்டுக் கம்பி நுழைகிற இடத்தில் பாருங்கள். அங்கே ஒரு பிரேம் நம்பர் குத்தியிருக்கும். அதை எழுதி, வாங்கிய பில்லோடு சேர்த்து வையுங்கள். பில் இல்லாதவர்கள் வண்டியோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். மாஜிஸ்திரேட்டிடம் போனாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், இது உங்கள் வண்டிதான் என்று காட்ட உங்களிடம் இருக்கப்போவது இவை மட்டும்தான்.