சவர்க்காரத்தில் ஒரு காக்காப்பொன் கோடு

மணலில் மினுங்கும் தகடுகளைப் பொறுக்கி, காக்காப்பொன் என்று தீப்பெட்டியில் சேர்த்துவைத்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். சித்த மருத்துவத்தில் அதற்கு அப்பிரகம் என்று பெயர். அதே கனிமம்தான் தூளாக்கப்பட்டு, டைட்டானியம் டை ஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் பூசப்பட்டு, 'மைக்கா' என்ற பெயரில் கைவினைப் பொருள் கடைகளில் விற்கப்படுகிறது. வீட்டில் சவர்க்காரம் செய்கிறவர்கள் இரு நிற அடுக்குகளுக்கு நடுவே இதைத் தூவுகிறார்கள். கட்டியை வெட்டும்போது மயிரிழைபோல் ஒரு பொன்கோடு தெரியும்.

முதலில் சவர்க்காரம். (தமிழகத்தார் சோப்பு என்று படித்துக்கொள்ளலாம், ஆனால் ஈழத்துச் சொல்லுக்குள் 'காரம்' காதில் விழுகிறது, அது இங்கே தேவை.) எண்ணெயும் காரமும் வினைபுரிந்து சவர்க்காரமும் கிளிசரினும் ஆகின்றன. தேங்காயெண்ணெய் 150 கிராம், ஆலிவ் எண்ணெய் 350 கிராம், தண்ணீர் 150 கிராம், காஸ்டிக் சோடா 71 கிராம். இந்தக் கணக்கில் ஏறத்தாழ 5 விழுக்காடு எண்ணெய் மிஞ்சும். தோலை வறளவிடாமல் வைப்பது அதுதான். எல்லாவற்றையும் தராசில் நிறுத்தே எடுக்கவேண்டும். எண்ணெய் மாறினால் சோடாவின் அளவும் மாறும்.

சோடாவைத் தண்ணீரில் போடவேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் அணியாமல் தொடவேண்டாம். அலுமினியப் பாத்திரம் ஆகாது. குழாய் அடைப்பு நீக்க விற்கும் கலவைத் தூளும் ஆகாது. கலப்பில்லாத சோடாவே வேண்டும். பிள்ளைகள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்வது நல்லது. மேலே பட்டால் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவவேண்டும்.

இங்கே பக்குரங்காவில் ஜூன், ஜூலை மாதங்களில் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் கல்லாகிவிடும்; ஏறத்தாழ 24 பாகையில்தான் அது உருகுகிறது. ஆகவே எண்ணெயை உருக்கி, சோடாக் கரைசலும் எண்ணெயும் 40 பாகையளவில் இருக்கும்போது சேர்க்கவேண்டும். அதற்கும் ஆறவிட்டால், எண்ணெய் உறைவதையே சவர்க்காரம் திரள்வதாக நினைத்து ஏமாந்துபோக நேரும்.

இரண்டும் ஒன்றாகக் கலந்தவுடன் பாதியை வேறு பாத்திரத்தில் ஊற்றி ஒதுக்கிவையுங்கள். மீதிப் பாதியில் நிறம் சேர்த்து, தோசைமாவுப் பதம் வரும்வரை கடைந்து, தாள் விரித்த அச்சில் ஊற்றுங்கள். மேற்பரப்பு கரண்டியைத் தாங்குமளவு இறுகவேண்டும். ஆலிவ் எண்ணெய் கூடுதலாக இருப்பதால் இதற்கு நேரம் பிடிக்கும். அவசரக்காரர்களுக்கான வேலையல்ல இது.

இனித்தான் கோடு. தேயிலை வடிகட்டியில் சிட்டிகை மைக்காவைப் போட்டு, விளிம்பை மெதுவாகத் தட்டித் தூவுங்கள். அடியிலுள்ள நிறம் மறைந்தால் போதும், நிறுத்திவிடலாம். கூடுதலாகத் தூவினால் மேலடுக்கு கீழடுக்கைப் பற்றாது. குளியலறையில் கட்டி அந்தக் கோட்டிலேயே இரண்டாகப் பிளக்கும். அடுத்து, ஒதுக்கிவைத்த கலவையைச் சற்றுக் கடைந்து, கரண்டியின் முதுகில் வழியவிட்டு ஊற்றுங்கள். உயரத்திலிருந்து ஊற்றினால் தூள் கலைந்து கோடு அறுந்துவிடும். சில நிறங்கள், குறிப்பாகச் சில ஊதாக்கள், காரத்தில் சாம்பலாகிவிடும். சிறிது கலவையில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

மைக்கா வாங்கும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். இயற்கை அப்பிரகத்தில் பெரும்பங்கு ஜார்க்கண்டு, பீகார் மாநிலங்களின் கொடர்மா, கிரிதி, நவாதா வட்டாரத்திலிருந்து வருவது. கைவிடப்பட்ட சுரங்கங்களில் சிறுவர்கள் துண்டுகளைப் பொறுக்குவதும், குழி சரிந்து மாண்டதும் 2016இல் உலகச் செய்தியாயின. மறு ஆண்டு, இத்தூளைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் பாரிசில் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. இவர்கள் தீப்பெட்டிக்காகப் பொறுக்கிய பிள்ளைகளல்லர். பொதியில் 'மைக்கா' என்றோ சி.ஐ. 77019 என்றோ இருந்தால் அது பொதுவாக நிலத்திலிருந்து எடுத்தது. 'சிந்தெடிக் ஃபுளோர்பிளோகோபைட்' என்றிருந்தால் உலையில் உருவாக்கியது. மினுக்கத்தில் குறைவில்லை, விலைதான் சற்றுக் கூடும். நான் இரண்டாவதையே சொல்வேன்.

ஒன்றிரண்டு நாளில் அச்சிலிருந்து எடுத்து, பாளத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வெட்டுங்கள். நேராக நிறுத்தி வெட்டினால் கத்தி மைக்காவைக் கீழடுக்கின்மேல் இழுத்துப் பூசிவிடும். வெட்டிய கட்டிகளை இடைவெளிவிட்டு அடுக்கி, காற்றோட்டமான இடத்தில் நான்கு முதல் ஆறு வாரம் காயவிடவேண்டும். நம் ஈரக் குளிர்காலத்தில் ஆறு வாரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.