பூனையைக் கடிக்கும் தெள்ளுப்பூச்சி

புனே நகரில் ஜூன் மாதம் மழை தொடங்கும். செப்டம்பர் வரை பெய்யும். வீட்டுக்குள் ஈரம் தங்கும். அந்த நாட்களில் பல வீடுகளில் பூனை ஓயாமல் சொறியும். கழுத்தைச் சொறியும். வாலடியைக் கடித்துக்கொள்ளும். அங்கங்கே முடி கொட்டும். தோலில் சிறு புண்கள் வரும்.

"பூனை என்றால் சொறியத்தான் செய்யும்" என்று விட்டுவிடக் கூடாது. அதன் உடம்பில் தெள்ளுப்பூச்சி இருக்கலாம். தெள்ளு ரத்தம் குடிக்கும் பூச்சி. நிறையச் சேர்ந்துவிட்டால் சிறு குட்டியின் உயிரையே எடுத்துவிடும்.

தெள்ளு எது? உண்ணி எது?

இரண்டும் வேறு. உண்ணி தோலில் ஒட்டிக்கொண்டு இருக்கும். ரத்தம் குடித்துக் கொட்டைமுத்து போல உப்பும். தெள்ளு ஒட்டிக்கொண்டு இருக்காது. முடிக்குள் ஓடும். எள்ளை விடச் சிறியது. பழுப்பு நிறம். இறக்கை கிடையாது. ஆனால் ஓர் அடி தூரம் தாவும்.

மராத்தியில் தெள்ளை 'பிசு' என்பார்கள். உண்ணியை 'கோச்சீட்' என்பார்கள். மருந்துக் கடையிலும் மருத்துவரிடமும் இந்தச் சொற்களைச் சொன்னால் உடனே புரியும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

தெள்ளு கண்ணில் படாமல் ஓடி ஒளியும். அதனால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம்.

ஒரு வெள்ளைத் துணியை விரியுங்கள். பூனையை அதன் மேல் நிறுத்துங்கள். பேன் சீப்பால் முதுகையும் வாலடியையும் சீவுங்கள். துணியில் மிளகுத் தூள் போலக் கறுப்பாக ஏதாவது விழுகிறதா? அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சிவப்பாகக் கரைந்தால் அது மண் அல்ல. அது தெள்ளின் எச்சம். பூனையின் ரத்தம்தான் அப்படி வந்து விழுகிறது.

தெள்ளு எங்கே வாழ்கிறது?

இதுதான் முக்கியமான கேள்வி. பலரும் "பூனையின் மேல்" என்றுதான் சொல்வார்கள். அது பாதிதான் சரி.

வளர்ந்த தெள்ளு பூனையின் மேல் இருக்கும். ரத்தம் குடிக்கும். முட்டை இடும். முட்டை உப்புத் தூள் போல வெள்ளையாக இருக்கும். அது முடியில் ஒட்டாது. பூனை படுத்த இடத்தில், நடந்த இடத்தில் எல்லாம் உதிர்ந்து விழும்.

சில நாட்களில் முட்டையிலிருந்து சிறு புழு வரும். புழு வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்கும். கட்டிலுக்கு அடியிலும், பாயின் மடிப்பிலும், தரை வெடிப்பிலும் ஒளியும். அங்கே விழுந்து கிடக்கும் தெள்ளின் எச்சத்தைத் தின்று வளரும். பிறகு கூடு கட்டும். கூட்டுக்குள் சில வாரம் இருக்கும். சில சமயம் பல மாதம்கூடக் காத்திருக்கும். பூனையோ மனிதரோ பக்கத்தில் நடந்தால் அந்த அதிர்வு அதற்குத் தெரியும். உடனே கூட்டை உடைத்து வெளியே வந்து தாவும்.

புழு வளர ஈரம் வேண்டும். அதனால்தான் மழைக்காலத்தில் தெள்ளு பெருகுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெண் தெள்ளு நாளுக்கு 20 முதல் 50 முட்டை வரை இடும். 30 என்றே வைத்துக்கொள்வோம். பூனையின் மேல் 10 பெண் தெள்ளுகள் இருந்தால் நாளுக்கு 300 முட்டை. 10 நாளில் 3,000 முட்டை. எல்லாம் வீட்டுத் தரையில்.

ஒரு வீட்டில் முட்டை, புழு, கூடு, வளர்ந்த தெள்ளு எல்லாம் சேர்த்து 100 இருந்தால், பூனையின் மேல் இருப்பது சுமார் 5 தான். மீதி 95 வீட்டில் இருக்கும். பூனையை மட்டும் சுத்தம் செய்தால் 5 போகும். 95 காத்திருக்கும்.

புனே கண்ட பழைய துயரம்

பகை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாவிட்டால் என்ன ஆகும்? புனேயின் வரலாறே இதைச் சொல்லும்.

1896-ல் மும்பையில் பிளேக் நோய் பரவியது. அடுத்து புனேக்கும் வந்தது. 1897-ல் ஆங்கில அரசு வீடு வீடாகச் சிப்பாய்களை அனுப்பியது. அவர்கள் வீட்டுக்குள் புகுந்து நோயாளிகளைத் தேடினார்கள். மக்களின் பண்டங்களை எரித்தார்கள். மக்கள் கொதித்தார்கள். ஆனாலும் நோய் நிற்கவில்லை. அது எப்படிப் பரவுகிறது என்று அன்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது.

பெண்களுக்குக் கல்வி தந்த சாவித்திரிபாய் புலே புனேயில் வாழ்ந்தவர். 1848-ல் கணவர் ஜோதிராவ் புலேயுடன் சேர்ந்து அங்கே பெண்களுக்குப் பள்ளி திறந்தவர். பிளேக் வந்தபோது அவரும் மகன் யஷ்வந்தும் நோயாளிகளுக்குச் சேவை செய்தார்கள். நோயுற்ற ஒரு சிறுவனைச் சாவித்திரிபாயே தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்கும் நோய் தொற்றியது. 1897 மார்ச் 10-ஆம் நாள் அவர் இறந்தார்.

மறு ஆண்டு, 1898-ல், பால் லூயி சைமன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கராச்சி நகரில் உண்மையைக் கண்டுபிடித்தார். எலியின் மேல் வாழும் தெள்ளுதான் பிளேக்கைப் பரப்புகிறது. எலி செத்ததும் தெள்ளு அதை விட்டு இறங்கி மனிதரைக் கடிக்கிறது. முதலில் பலர் இதை நம்பவில்லை. பின்னர் மும்பையில் நடந்த ஆய்வுகள் இதை உறுதி செய்தன.

பயப்பட வேண்டாம். பிளேக்கைப் பெரிதும் பரப்பியது எலித் தெள்ளு. பூனையின் மேல் இருப்பது பெரும்பாலும் வேறு வகைத் தெள்ளு. இன்று பிளேக்குக்கு மருந்தும் உண்டு. ஆனால் பாடம் ஒன்றுதான். பூச்சி எங்கே வாழ்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். பிறகுதான் அதை ஒழிக்க முடியும்.

பூனைத் தெள்ளால் என்ன கெடுதல்?

குட்டியின் உடம்பில் ரத்தம் கொஞ்சம்தான் இருக்கும். நூறு தெள்ளு தினமும் குடித்தால் குட்டி சோகை பிடித்துச் சாகும். குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் ஆபத்து. குட்டி சுருண்டு படுத்து, பால் குடிக்காமல், உடம்பு சில்லென்று இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

பூனை தன்னை நக்கும்போது தெள்ளையும் விழுங்கிவிடும். அதன் வழியாக வயிற்றில் நாடாப்புழு வரும். மலத்திலும் வாலடியிலும் அரிசி போன்ற துண்டுகள் தெரியும். தரையில் விளையாடும் குழந்தை தெரியாமல் தெள்ளை விழுங்கினால் குழந்தைக்கும் அந்தப் புழு வரலாம்.

பூனைக்கு என்ன செய்வது?

1. பேன் சீப்பால் தினமும் சீவுங்கள். சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். தெள்ளு அதில் மூழ்கிச் சாகும்.

2. குளிப்பாட்டினால் வெதுவெதுப்பான தண்ணீர் போதும். முதலில் கழுத்தைச் சுற்றிச் சோப்பு நுரை போடுங்கள். இல்லாவிட்டால் தெள்ளு எல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் ஓடும். குளித்ததும் நன்றாகத் துவட்டுங்கள்.

3. கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். நம் ஊரில் மாட்டாஸ்பத்திரி என்பதைப் புனேயில் 'ஜனாவராஞ்சா தவாகானா' என்பார்கள். பூனையின் எடையைப் பார்த்து மருத்துவர் சொட்டு மருந்து தருவார். அதைப் பிடரியில், முடியை விலக்கி, தோலில் விட வேண்டும். அங்கேதான் பூனையின் நாக்கு எட்டாது. நாடாப்புழுவுக்கும் மருந்து கேளுங்கள்.

4. எட்டு வாரம் ஆகாத குட்டிக்கு மருத்துவர் சொல்லாமல் எந்த மருந்தும் போடாதீர்கள். சீப்பால் சீவுவதே போதும்.

5. வீட்டில் உள்ள எல்லாப் பூனைக்கும் நாய்க்கும் ஒரே சமயத்தில் மருத்துவம் செய்யுங்கள். அவற்றுக்கு உரிய மருந்தைத் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்

நாய்க்கு உரிய மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். நாய் மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பொருள் இருக்கும். நாயின் உடம்பு அதைத் தாங்கும். பூனையின் உடம்பால் அதை முறிக்க முடியாது. பூனை நடுங்கும். வலிப்பு வரும். செத்தும் போகும். மருந்து வாங்கும்போது பெட்டியில் 'பூனைக்கு' என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். படிக்க முடியாத மொழியாக இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மண்ணெண்ணெய், பினாயில், பாச்சை உருண்டை, கரப்பான் மருந்து, யூக்கலிப்டஸ் தைலம் எதுவும் பூனையின் மேல் படக்கூடாது. பூனை நக்கும். அது வயிற்றுக்குள் போகும். தவறிப் பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

வீட்டுக்கு என்ன செய்வது?

தினமும் பெருக்குங்கள். கட்டிலுக்கு அடியிலும் மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் பெருக்குங்கள். பெருக்கிய தூசியைச் சோப்புத் தண்ணீரில் கொட்டுங்கள். பூனை படுக்கும் துணி, சாக்கு, போர்வை எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை கொதிநீரில் அலசுங்கள். வெயில் வரும்போது நன்றாகக் காயப் போடுங்கள். தரை வெடிப்பைச் சிமெண்டால் பூசி அடையுங்கள். பூச்சி மருந்து அடிப்பதானால் பூனையையும் குழந்தைகளையும் வெளியே அனுப்புங்கள். தரை காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள்.

மூன்று மாதம் ஏன்?

மருந்து போட்ட இரண்டு வாரத்தில் மறுபடியும் தெள்ளு தெரியும். "மருந்து பலிக்கவில்லை" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது பழைய தெள்ளு அல்ல. கூட்டுக்குள் காத்திருந்தவை வெளியே வருகின்றன. மருந்து உள்ள பூனையின் மேல் ஏறினால் அவையும் சாகும். மருத்துவர் சொன்னபடி மாதம் ஒரு முறை, மூன்று மாதமாவது தொடர்ந்து மருந்து போட வேண்டும். வீட்டையும் அதுவரை விடாமல் சுத்தம் செய்ய வேண்டும். அப்போது அந்த 95-ம் தீரும்.

கலந்து பேசுவோம்

1. நம் வீட்டில் பூனை அதிகமாகப் படுக்கும் இடங்கள் எவை? அங்கே கடைசியாக எப்போது பெருக்கினோம்?

2. ஒரு பெண் தெள்ளு நாளுக்கு 40 முட்டை இட்டால் ஒரு வாரத்தில் எத்தனை முட்டை?

3. நம் பகுதியில் கால்நடை மருத்துவமனை எங்கே இருக்கிறது? எந்த நேரத்தில் திறந்திருக்கும்? கேட்டு எழுதி வையுங்கள்.