குழந்தை இல்லையா? கணவரின் சுருட்டையும் கேளுங்கள்
குழந்தை தங்கவில்லை என்றால் எமது ஊர்களில் முதலில் கிளினிக்குக்கு அனுப்பப்படுபவள் மனைவி. போரில் உறவுகளைப் பறிகொடுத்த வீடுகளில் அந்தப் பழி இன்னும் கனமானது. நான் பேசிய பெண்களில் பலரது கணவர்மார் ஒரு பரிசோதனையும் செய்திருக்கவில்லை. சுருட்டை மட்டும் விடவில்லை.

புகையிலையின் நிக்கோட்டின் இரத்தத்தோடு நிற்பதில்லை, விந்துத் திரவத்திலும் கலக்கிறது. செடி மண்ணிலிருந்து உறிஞ்சும் கட்மியம் என்ற உலோகமோ உடலில் பல வருடங்கள் தங்கிவிடும். புகைப்பவர்களிடம் விந்தணுக்களின் எண்ணிக்கையும் நீந்தும் திறனும் குறைகின்றன, அவற்றின் மரபணுவும் சிதைகிறது. வெற்றிலையோடு சப்பினாலும் நிக்கோட்டின் உள்ளே போகத்தான் செய்யும்.

ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ 3 மாதங்கள் எடுக்கும். எனவே இன்று நிறுத்தினாலும் பலன் தெரிய அவ்வளவு காலம் வேண்டும். விந்துப் பரிசோதனையோ மனைவிக்குச் செய்பவற்றைவிட எளிது: 2 முதல் 7 நாட்கள் உறவைத் தவிர்த்துவிட்டு, ஒரு மாதிரி கொடுக்க வேண்டும். ஊசிகூட இல்லை.