பிரேக் ஆயில் அடிக்கடி குறையுதா? ஊற்றினால் மட்டும் போதாது!

“பிரேக் கொஞ்சம் உள்ளே போகுதுண்ணே...”
“ஆயில் குறைஞ்சிருக்கும், ஊத்திட்டா சரியாயிடும்.”

பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன உரையாடல் இது. ஊற்றியதும் சரியாகிவிட்டது போலவே இருக்கும். சில நாட்களில் மறுபடியும் மிதி கீழே போகும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

பிரேக் ஆயில் எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் இருந்து, காலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்துகிறது. பேடு தேயத் தேய அளவு மெதுவாகக் குறையும். ஆனால், நிரப்பிய சில நாட்களில் மீண்டும் குறைந்தால் கசிவு என்றே கொள்ள வேண்டும்.

டெல்டாவில் ஏன் கூடுதல் கவனம்?

அம்பாசடர், மாருதி 800 இரண்டின் தயாரிப்பும் 2014-ல் நின்றுவிட்டது. கடைசியாக வந்த வண்டிக்கே இன்று பத்து வயதுக்கு மேல். மயிலாடுதுறை மாவட்டத்தில் பூம்புகார், தரங்கம்பாடி, பழையார் எனக் கடலோர ஊர்கள் உண்டு. உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. வடகிழக்குப் பருவமழையில் தேங்கும் தண்ணீரும் வயல் சேறும் வேறு. காரின் அடியில் ஓடும் பிரேக் பைப், சுமார் 5 மி.மீ. விட்டமே உள்ள எஃகுக் குழாய். அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகளில் சேறு தங்கி, கண்ணில் படாமலே துரு அரிக்கும்.

உள்ளேயும் சிக்கல் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகையின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறினால் 140 வரை இறங்கலாம்.

எங்கே கசிகிறது?

இன்ஜினை அணைத்து, மிதியைச் சில முறை அழுத்தி, பிறகு அரை நிமிடம் ஒரே அழுத்தத்தில் பிடியுங்கள். மெல்லக் கீழே இறங்கினால் சந்தேகம் உறுதி. அடுத்து பார்க்க வேண்டியவை:

* டயரின் உட்புறம், டிரம்மின் அடிப்பகுதி: ஈரம் இருந்தால் வீல் சிலிண்டரில் கசிவு இருக்கலாம்.
* ரப்பர் ஹோஸ்: வளையும் இடங்களில் வெடிப்பு.
* அடியில் ஓடும் பைப்: கிளிப், நட் இருக்கும் இடங்கள்.
* வெளியே எங்குமே ஈரம் இல்லையா? மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்திருக்கலாம்.

காரின் அடியில் பார்க்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. ஸ்டாண்டு அவசியம்.

எப்படிச் சரிசெய்வது?

துருப்பிடித்த பைப்பில் எம்-சீல் தடவுவது, ரப்பர் டியூப் சொருகி கிளாம்ப் போடுவது எல்லாம் பிரேக் அழுத்தத்துக்குத் தாங்காது. ஏசிக்கான செம்புக் குழாயும் வேண்டாம். இணைப்பிலிருந்து இணைப்பு வரை முழுப் பைப்பையும் மாற்றுவதே சரி. எஃகு அல்லது செம்பு-நிக்கல் கலவை பைப்பில், முனையை இரட்டையாக மடித்து ‘ஃபிளேர்’ செய்ய வேண்டும். ஆயில் ஊறிய பிரேக் லைனிங்கைக் கழுவி மாட்டாமல் புதிதாகப் போடுவது நல்லது.

கடைசி வேலை, ஏர் எடுப்பது. திரவம் அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். அதனால்தான் குழாய்க்குள் காற்று புகுந்தால் மிதி பஞ்சுபோல ஆகிறது. குமிழி வருவது நிற்கும்வரை ஏர் எடுக்க வேண்டும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலைப் பாருங்கள். இடையில் டேங்க் காலியாகிவிடக் கூடாது. மூடியில் குறிப்பிட்ட ஆயிலையே, புதிதாகத் திறந்த டப்பாவிலிருந்து ஊற்றுங்கள். இன்ஜின் ஆயில் கலந்தால் ரப்பர் உப்பிவிடும்.

வழியில் பிரேக் விட்டுப்போனால்?

மிதியை வேகமாகப் பலமுறை அழுத்துங்கள், கியரைக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள். அது இந்த வண்டிகளில் கேபிளில் இயங்குவது, ஆயில் தேவையில்லை. நின்ற பிறகு, ஆயில் ஊற்றிக்கொண்டு வீடு போய்விடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வண்டியை டோ செய்துதான் எடுத்துச் செல்ல வேண்டும்.