கறுத்த வெள்ளியும் மழைக்காலமும்

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் வெள்ளிக் குத்துவிளக்கும் பஞ்சபாத்திரமும் பெரும்பாலும் வரலட்சுமி நோன்புக்கு முதல் நாள்தான் பீரோவை விட்டு வெளியே வருகின்றன. மும்பையில் அது மழைக்காலம். எடுத்துப் பார்த்தால் யாவும் கறுத்திருக்கும்.

இக்கறுப்பு வெறும் அழுக்கன்று. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு கூடி உருவாகும் வெள்ளி சல்பைடு அது. ஈரம் அதனை விரைவுபடுத்துகிறது. ஆகவே பற்பொடியிட்டு அழுத்தித் தேய்க்கும்போது கறுப்போடு சிறிது வெள்ளியும் போய்விடுகிறது. பாட்டியின் சீர்க்கிண்ணத்தில் வெட்டிய பெயர் இன்று மழுங்கியிருப்பின், பழியைக் காலத்தின்மீது மட்டும் போடுவதற்கில்லை.

தேய்க்காத வழி ஒன்றுண்டு. பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, வெள்ளி அதனைத் தொடுமாறு வைத்து, லிட்டருக்கு 2 மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்த கொதிநீரை ஊற்றுவோம். கந்தகம் அலுமினியத்தை நாடிச் செல்ல, வெள்ளி தன்னிடத்திலேயே மீள்கிறது. அழுகிய முட்டை வாடை சற்று எழும். சன்னலைத் திறந்து வைத்தால் போதும். கல் பதித்தவற்றையும், அழகுக்காகக் கறுப்பேற்றிய வேலைப்பாடுகளையும் இதில் இடலாகாது.

நன்கு உலர்த்தியபின் துவைத்த பருத்தி வேட்டித் துண்டில் சுற்றி, காற்றுப் புகாத பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைப்போம். ரப்பர் வளையமும் கம்பளியும் வேண்டா. இரண்டிலும் கந்தகம் உண்டு.

வங்கிப் பெட்டகத்தில் வைப்போரும் இவ்வாறே சுற்றி வைத்தல் நலம். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தீ, திருட்டு போன்றவற்றால் நேரும் இழப்புக்கு வங்கியின் பொறுப்பு பெட்டகத்தின் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு. கறுத்துப்போவது அக்கணக்கில் வாராது.