தொழிற்சாலை அணி (மோட்டார் சைக்கிள் பந்தயம்)

தொழிற்சாலை அணி என்பது மோட்டார் சைக்கிள் தயாரிக்கும் நிறுவனமே தன் பெயரில், தன் செலவில் நடத்தும் பந்தய அணி ஆகும். பந்தய வட்டாரத்தில் இதை 'ஃபேக்டரி டீம்' என்றோ 'கம்பெனி டீம்' என்றோ சொல்வர். தனியாக ஓடிக்கொண்டிருக்கும் இளம் வீரர் ஒருவர் இத்தகைய அணியில் இடம் பெறுவதே அவருடைய பந்தய வாழ்வின் பெரிய திருப்பமாகக் கருதப்படுகிறது.

தனி வீரர், துணை அணி, தொழிற்சாலை அணி

சொந்தப் பணத்திலோ சிறு ஆதரவாளர்களின் துணையோடோ ஓடுபவர் தனி வீரர். வண்டி, டயர், தலைக்கவசம், தோல் உடை, நுழைவுக் கட்டணம், மெக்கானிக் கூலி எல்லாம் அவர் தலையில்தான். ஒருமுறை விழுந்தால் உடம்புக் காயத்தைவிட உடைந்த பாகங்களின் விலையே அதிகமாக வலிக்கும். இவருக்கு மேலே துணை அணி உள்ளது. இது நிறுவனத்திடம் வண்டியை வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ ஓட்டும். தொழிற்சாலை அணியில் இந்தச் செலவுகள் அனைத்தையும் நிறுவனமே ஏற்கிறது. வீரருக்குச் சம்பளமும் உண்டு.

இதற்கு ஈடாக நிறுவனம் எதிர்பார்ப்பது வெற்றியை மட்டுமன்று. வளைவில் வண்டி எங்கே நழுவுகிறது, பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரம் என்ன செய்கிறது என்பதை வீரர் பொறியாளரிடம் சொல்லில் விளக்க வேண்டும். வண்டியில் உள்ள உணரிகள் எண்களைத் தரும். அந்த எண்களுக்குப் பொருள் சொல்பவர் வீரரே. வேகமாக ஓட்டத் தெரிந்தும் இதைச் சொல்லத் தெரியாதவர்கள் இந்த அணிகளில் நிலைப்பது கடினம். மேலும், அணியின் இரு வீரர்களுக்கும் ஏறத்தாழ ஒரே வண்டிதான். எனவே 'வண்டி சரியில்லை' என்ற சாக்கு அங்கே எடுபடாது. முதல் போட்டியாளர் பக்கத்துக் கொட்டகையில் இருக்கும் தோழரே. ஒப்பந்தம் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்குத்தான்.

உலக அளவில் மோட்டோ ஜிபி பந்தயத்தில் புதியவர் நேரடியாகத் தொழிற்சாலை அணியில் சேரக்கூடாது என்று 2010 முதல் சில ஆண்டுகள் விதியே இருந்தது. அது நீக்கப்பட்டபின் 2013-ல் ஹோண்டா அணியில் சேர்ந்த ஸ்பெயின் வீரர் மார்க் மார்க்கெஸ், தம் 20-ஆம் வயதில், முதல் ஆண்டிலேயே உலகப் பட்டம் வென்றார். பெத்ரோ அகோஸ்தா 2024-ல் துணை அணியில் ஓட்டிவிட்டு 2025-ல் கேடிஎம் தொழிற்சாலை அணிக்கு உயர்ந்தார். பலருக்கு வாய்ப்பது இந்த இரண்டாவது வழியே.

வடசென்னையும் சோழவரமும்

தமிழ்நாட்டில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் தொட்டில் வடசென்னையை ஒட்டிய பகுதியே எனலாம். இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. திருவொற்றியூர் ஆலையில் புல்லட் வண்டிகள் உருவாயின. இங்கிலாந்தில் 1970-ஆம் ஆண்டளவில் உற்பத்தி நின்றபோதும் திருவொற்றியூரில் நிற்கவில்லை.

அங்கிருந்து சற்றே வடமேற்கில், கொல்கத்தா நெடுஞ்சாலைப் பக்கம், சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை அங்கே இருந்தது. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பந்தயங்கள் நடத்தியது. புல்லட்டும் எஸ்டியும் சீறுவதைக் காண வெயிலில் மக்கள் திரண்டனர். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீள நிரந்தரத் தடம் அமைந்ததும் சோழவரத்தின் காலம் முடிந்தது. ராயபுரத்துப் பையனுக்குப் பந்தயத் தடம் நகரின் மறுகோடிக்குப் போய்விட்டது.

புல்லட் பிறந்த ஊர் திருவொற்றியூர் என்றாலும், தமிழ்நாட்டில் நெடுங்காலமாக நடந்துவரும் தொழிற்சாலை அணி ஓசூரின் டி.வி.எஸ். ரேசிங்தான். 1982-ல் தொடங்கிய இந்த அணிக்காகச் சென்னை வீரர் ஜெகன் குமார் பலமுறை தேசியப் பட்டம் வென்றுள்ளார். ராயல் என்ஃபீல்டு 2021-ல் கான்டினென்டல் ஜிடி கோப்பையைத் தொடங்கியது. எல்லாரும் ஒரே வகை வண்டி ஓட்டும் பந்தயம் இது. பணபலம் இல்லாத வீரருக்கு இத்தகைய பந்தயமே தன்னைக் காட்டிக்கொள்ள ஏற்ற இடம்.

இந்திய வீரர்கள்

சென்னையைச் சேர்ந்த சரத் குமார் 2011-ல் 125 சிசி உலகப் போட்டியில் ஏப்ரிலியா வண்டியில் ஓட்டினார். உலக கிராண்ட் பிரி மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குச் சென்ற முதல் இந்தியர் அவரே. ஆயினும் அது தொழிற்சாலை அணியன்று. அந்த ஆண்டுப் போட்டிகள் முழுவதையும் அவர் ஓட்டவும் இல்லை. அதே 2011-ல் மஹிந்திரா நிறுவனம் அதே பிரிவில் இறங்கியது. பின்னர் மோட்டோ3 பிரிவில் ஓடி, 2016-ல் நெதர்லாந்தின் ஆசென் தடத்தில் முதல் வெற்றி பெற்றது. ஓட்டியவர் இத்தாலியின் பிரான்செஸ்கோ பன்யாயா. வண்டி இந்திய நிறுவனத்துடையது. ஆண்டு முழுவதும் அதை ஓட்டியவர்களோ வெளிநாட்டினர். நம் வீரர்கள் ஏன் அங்கே இல்லை என்ற கேள்விக்கு விடை எளிது: ஐரோப்பியச் சிறுவர் ஆறேழு வயதில் சிறு வண்டியில் தடமேறுகின்றனர், இங்கே பலர் தடத்தை முதன்முதலாகக் காண்பதே கல்லூரிப் பருவத்தில்தான்.

நெடுந்தொலைவு ராலியில் நிலைமை சற்று மேல். பெங்களூரு வீரர் சி.எஸ். சந்தோஷ் 2015-ல் தக்கார் ராலியைத் தனி வீரராக ஓட்டி 36-ஆவது இடத்தில் முடித்தார். அதை முடித்த முதல் இந்தியர் அவர். 2017-ல் ஹீரோ நிறுவனத்தின் அணிக்காக அதே ராலியை ஓட்டினார். தடப்பந்தயத்தில், சென்னையின் ராஜீவ் சேது 2019-ல் ஹோண்டாவின் இந்திய அணிக்காக ஆசியப் போட்டியில் ஓட்டினார்.

தெருவும் தடமும்

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கிடையே இரவில் 'ரேஸ்' விடும் இளைஞர்களைப் பற்றிய செய்திகள் அவ்வப்போது வருகின்றன. அது குற்றம், அந்த ஓட்டம் எந்த அணியின் கண்ணிலும் படாது. தடத்தில் ஓட, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கக் கூட்டமைப்பின் உரிமம் வேண்டும். தடத்திலும் ஆபத்து இல்லாமலில்லை. 2023 ஆகஸ்ட் 5 அன்று இருங்காட்டுக்கோட்டையில் நடந்த தேசியப் போட்டியில் 13 வயதுப் பெங்களூரு வீரர் ஒருவர் விபத்தில் உயிரிழந்தார். எஞ்சிய பந்தயங்கள் கைவிடப்பட்டன. எந்த வயதில் எத்தனை திறனுள்ள வண்டியைச் சிறுவர் கையில் கொடுக்கலாம் என்ற விவாதம் அதன்பின் வலுத்தது.